தாழ்த்திய மஸ்டாங், மஞ்சள் ஷாக் அப்சார்பர், ஒரு கேபிள் டை

காரைத் தாழ்த்திய நாளில் எடுத்த புகைப்படம் இன்னமும் என் கைப்பேசியில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 5.0 லிட்டர் வி8, 412 குதிரைத்திறன், ஆறு கியர். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழையாது. பாய்வதற்குப் பதுங்கிய புலிபோல இருந்தது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினேன்; முதல் வேகத்தடையிலேயே புலி பல்லைக் கடித்தது. முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு இரண்டரை ஆண்டு குடும்பம் நடத்தினேன்.

நான் இந்தக் காரை வாரக் கடைசியில் துடைத்து வைத்து அழகு பார்ப்பவன் அல்ல. தினமும் போக வர 62 கிலோமீட்டர். மழையிலும் இதுதான், மளிகைக்கும் இதுதான், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கும் இதுதான். அம்மா ஒருமுறை இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உரலுக்குள் உட்கார்ந்து வந்த மாதிரி இருக்கிறதப்பா. அடுத்த முறை நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்." அதற்கு நான் சொன்ன பதில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது. அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

பதினான்கு மாதங்களுக்கு முன் கோனி நிறுவனத்தின் ஸ்போர்ட் வகை ஷாக் அப்சார்பர்களை நான்கு சக்கரத்துக்கும் மாட்டினேன். எல்லோரும் 'மஞ்சள் கோனி' என்று சொல்வார்களே, அதுதான். 22,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இந்த மதிப்புரை அதைப் பற்றியது. ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் பாதிக் கதைதான் வரும். மாட்டுவதற்கு முன் என்ன கோளாறு என்று கண்டுபிடித்ததில்தான் விஷயமே இருக்கிறது.

காரைத் தாழ்த்திய பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் போட்டது 38 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். பழையவற்றைவிட 30 சதவீதம் கடினமானவை. "ஷாக் அப்சார்பர் பழையதே போதும், நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்கள். காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும், பிறகு அப்படியே திருப்பித் தரும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை: உள்ளே எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளி, துள்ளலை வெப்பமாக மாற்றிவிடும். ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால், அதே அளவுக்குத் துள்ளலை அடக்க ஷாக் அப்சார்பர் சுமார் 14 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். வர்க்கமூலக் கணக்கு. என்னுடையதோ கூடுதலாகப் பிடிப்பது இருக்கட்டும், 90,000 கிலோமீட்டர் ஓடி, பிறந்தபோது இருந்த பிடியையே இழந்திருந்தது.

ஆனால் அந்த 'டொக்' சத்தத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை. நானும் பலரைப் போல ஸ்பிரிங் கடினமாகிவிட்டதால்தான் இடிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மென்மையான ஸ்பிரிங் தேடக்கூட ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் ஒரு வேலை சொன்னார்.

"முன் ஸ்ட்ரட்டின் ரப்பர் உறையை மேலே தள்ளு. தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டு. இறுக்காதே, நகர்கிற அளவுக்குக் கட்டு. கீழே உடம்போடு ஒட்டி இறக்கிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்."

கேபிள் டை என்பது வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. இதைவிட மலிவான கருவி உலகத்தில் இல்லை. ஸ்ட்ரட், அதாவது முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர், அமுங்கும்போது அதன் உடம்பு மேலேறி டையைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி இறங்கும்போது டை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. மறுநாள் மாலை காரின் அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு டை, ஸ்ட்ரட் அடிவரை அமுங்கி இரும்பு மோதாமல் தடுக்கும் ரப்பர்த் துண்டான பம்ப் ஸ்டாப்பின் நுனியில் பதிந்து, அதில் ஒரு பள்ளமே போட்டிருந்தது. கார் சும்மா நிற்கும்போது ஸ்ட்ரட்டின் தலைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே இருந்த இடைவெளியை அளந்தேன். 20 மில்லிமீட்டர். என் கட்டைவிரலின் அகலம்.

அன்றிரவு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாழ்த்துவதற்கு முன் அந்த இடைவெளி 20-உம் 38-உம் சேர்ந்து 58 மில்லிமீட்டராக இருந்திருக்க வேண்டும். ஒரு மேட்டின் அடியை ஸ்பிரிங் விழுங்கும் திறன், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 58-ஐ 20-ஆல் வகுத்தால் 2.9, அதன் வர்க்கம் 8.4. அதாவது முன்பு பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் விழுங்கிய அதே மேட்டை இப்போதும் விழுங்க வேண்டுமானால், ஸ்பிரிங் எட்டு மடங்குக்கு மேல் கடினமாக இருக்க வேண்டும். நான் வாங்கியது 30 சதவீதம். மீதி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது அந்த அப்பாவி ரப்பர்த் துண்டு. இரண்டரை ஆண்டுகளாக நான் ஓட்டியது ஸ்பிரிங்கின் மேல் அல்ல, பம்ப் ஸ்டாப்பின் மேல். ஸ்பிரிங் கடினமாக இருந்தது என்பது என் குற்றச்சாட்டு; உண்மையில் அதற்கு வேலை செய்யவே இடம் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் ஃபோர்டு பொறியாளர்கள் அறியாதவர்கள் இல்லை. 2012இல் மஸ்டாங்கில் பாஸ் 302 என்ற பெயரை மீண்டும் கொண்டுவந்தபோது, பந்தயத் தடத்துக்கென்றே கூர்தீட்டிய அந்தக் காரையே ஜிடியைவிட முன்னால் 11 மில்லிமீட்டர், பின்னால் 1 மில்லிமீட்டர் மட்டும்தான் தாழ்த்தினார்கள். கூடவே ஸ்க்ரூடிரைவரால் ஐந்து நிலைகளில் மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர்களும் கொடுத்தார்கள். நான் 38 தாழ்த்திவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரோடு மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

காரை மறுபடி உயர்த்திவிடலாமே என்று கேட்பீர்கள். மனம் வரவில்லை. அந்தப் புகைப்படத்தை இன்னொரு முறை பாருங்கள் என்பதைத் தவிர என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

ஏன் கோனி என்பதற்கு மூன்று காரணங்கள். தாழ்த்திய கார்களில் பலரும் பல ஆண்டுகளாக ஓட்டுகிறார்கள். ரீபவுண்ட் பிடியை, அதாவது ஸ்பிரிங் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடியை, கையாலேயே மாற்றலாம். ஆகவே என் ஸ்பிரிங்குக்குத் தக்கபடி சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவது காரணம் அசட்டுத்தனமானது. நெதர்லாந்தைச் சேர்ந்த இந்தத் தொழில் 1857இல் குதிரைச் சேணம் செய்வதில் தொடங்கியது என்று படித்தேன். குதிரை பொறித்த காருக்குச் சேணக்காரரின் ஷாக் அப்சார்பர். இப்படிப்பட்ட பொருத்தங்களுக்காகக் காசைச் செலவழிப்பவன் நான்.

மாட்டும் வேலை ஒரு முழு நாள் பிடித்தது. பின்பக்கம் எளிது. இந்தத் தலைமுறை மஸ்டாங்கில், அதாவது 2014 வரை, பின்னால் இருப்பது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புத் தடியான ஆக்சில். ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருப்பதால், ஆக்சிலுக்கு ஜாக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஷாக் அப்சார்பரை மட்டும் கழற்றி மாட்டலாம். முன்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்ட்ரட்டின் மேலேயே ஸ்பிரிங் அமர்ந்திருக்கிறது. அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும். அந்த வேலையை அண்ணனிடம் விட்டுவிட்டு நான் டார்ச் பிடித்தேன்.

மாட்டுவதற்கு முன் அண்ணன் புதிய ஸ்ட்ரட்டை நேராக நிமிர்த்திப் பிடித்து, தண்டை அடிவரை அமுக்கி மெதுவாக இழுத்தார். ஐந்தாறு முறை. இரட்டைக் குழாய் வகை என்பதால், படுக்கவைத்து அனுப்பும்போது எண்ணெய் இருக்க வேண்டிய உள்குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும்; அது வெளியேற வேண்டும். முதல் இழுப்பில் நடுவே ஒரு வெற்றிடம் கைக்குத் தட்டுப்பட்டது. ஆறாவது இழுப்பில் தேன் ஜாடியிலிருந்து கரண்டியை எடுப்பதுபோல ஒரே சீராக வந்தது. பிறகு கழற்றிய பழையதை என் கையில் கொடுத்தார். அமுக்கினேன், சைக்கிள் பம்புபோலச் சரசரவென்று இறங்கியது. இழுத்தேன், பாதி தூரத்துக்கு எதுவுமே இல்லை, பிறகு திடீரென்று ஒரு பிடி. 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று எனக்குச் சொல்லப்பட்ட பொருள் இதுதான்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரியவந்தது. பின் ஆக்சிலைக் காரின் உடலோடு இணைக்கும் இரும்புக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகள், அதாவது புஷ்கள், இரண்டு பக்கமும் கிழிந்திருந்தன. காரைத் தாழ்த்தியபோது, ஆக்சில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே அந்தப் பட்டறையில் போல்ட்டுகளை இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்யும். கார் தன் எடையோடு தன் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். கைக்கெட்டாத இடம், குனிந்து படுத்துச் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் பலர் செய்வதில்லை. உங்கள் காரைத் தாழ்த்தக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள்?" பதில் சொல்லத் தயங்கினால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்ப் ஸ்டாப்பையும் மாற்றினோம். பழைய நீளத்தை அப்படியே வைத்தால் புதிய ஷாக் அப்சார்பரும் அதே 20 மில்லிமீட்டருக்குள்தான் நடனமாட வேண்டும். நீளம் குறைந்த, நுனி மென்மையாகவும் போகப்போகக் கடினமாகவும் இருக்கும் பாலியூரித்தேன் நுரை வகை ஒன்றைப் போட்டோம். இடைவெளி 36 மில்லிமீட்டர் ஆனது. முன்யோசனை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் சக்கரத்தை மேலே தூக்கி, ஸ்ட்ரட் உள்ளே இரும்போடு இரும்பு மோதுவதற்கு முன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசுகிறதா என்று இரண்டையும் அளந்த பிறகே முடிவெடுத்தோம். பழைய பம்ப் ஸ்டாப்பையே வெட்டிக் குட்டையாக்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூம்பிய நுனியை வெட்டிவிடாதீர்கள். மென்மையாக வாங்கிக்கொள்வதே அந்த நுனிதான். தட்டையான மேல்பக்கத்தில் வெட்டுங்கள்.

இனி, ஓட்டிப் பார்த்த கதை.

வேலைக்குப் போகும் வழியில் நீண்ட மேம்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் தளத்தில் 15 மீட்டருக்கு ஓர் இணைப்பு. பழைய ஷாக் அப்சார்பரோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதில் போனால் மூன்றாவது இணைப்பிலிருந்து கார் தலையாட்ட ஆரம்பித்து, பாலம் முடியும்வரை ஊஞ்சலாடும். 65-இல் போனால் பரவாயில்லை; 95-இலும் பரவாயில்லை. 80-இல் மட்டும் வயிற்றைப் புரட்டும். காரணம் எளிய கணக்கு. 80 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 22 மீட்டர் சொச்சம். 15 மீட்டருக்கு ஒரு தட்டு என்றால் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தட்டு. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட காரின் உடல் தானாக ஆடும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோலப் பாலம் என் காரைத் தள்ளிக்கொண்டிருந்தது. தடுக்க வேண்டிய ஷாக் அப்சார்பர் வேடிக்கை பார்த்தது.

புதியவற்றை மாட்டிய முதல் நாளே இதே பாலத்துக்குத்தான் போனேன். ஆசை யாரை விட்டது! ரீபவுண்டைக் கடைசிவரை இறுக்கி வைத்துக்கொண்டு போனேன். வழவழப்பான சாலையில் கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. திருப்பங்களில் உடல் சாய்வதே தெரியவில்லை. மகிழ்ச்சி பாலத்தின் தொடக்கம்வரை நீடித்தது. முதல் இணைப்பு சரி, இரண்டாவது சரி, ஐந்தாவதில் மறுபடி அந்தப் பழைய 'டொக்'. ரீபவுண்ட் அளவுக்கு மீறி இறுகியிருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேடு வருவதற்குள் முழுவதும் இறங்க முடியாது. ஒவ்வொரு மேட்டுக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போகும். உயரம் மிச்சமிருக்கும் காருக்கு இது சிறு குறை. 36 மில்லிமீட்டர்தான் சொத்து என்று இருக்கும் காருக்கு இது திவால்.

அடுத்த ஒரு வாரம் காலை ஐந்தரை மணிக்குப் பாலத்தின் இந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் தலையில் ரீபவுண்டை மாற்றும் குமிழை மாட்டித் திருப்பி, அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி என்ன கோளாறு என்று விசாரித்தார். விளக்கினேன். அவர் கேட்டதற்கு வருந்தியிருப்பார். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: 'முழு மென்மை: இணைப்புகள் தெரியவில்லை, பாலம் முடிந்த பிறகு ஒன்றரை ஆட்டம் மிச்சம். அரைச் சுற்று: ஓர் ஆட்டத்தில் அடங்குகிறது. முக்கால் சுற்று: ஏறி இறங்கி நின்றுவிட்டது. ஒரு சுற்று: நின்றுவிட்டது, ஆனால் சிறு பள்ளங்கள் கையில் குத்துகின்றன.' முன்பக்கத்தை முக்கால் சுற்றில் விட்டேன். பின்பக்கத்தை மாட்டும்போதே மென்மையான முனைக்குச் சற்று மேலே வைத்திருந்தோம். அதைத் தொடவே இல்லை. பின்னாலிருப்பது கனமான ஆக்சில். டிஃபரன்ஷியல், பிரேக், சக்கரம் எல்லாம் சேர்ந்த அந்தச் சுமை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சுதந்திரமாக இறங்க வேண்டும். அங்கே இறுக்கினால் டயர் தரையை விட்டுத் துள்ளும். 412 குதிரைகளும் காற்றில் ஓடும்.

முக்கால் சுற்றில் கார் எப்படி இருக்கிறது? அந்தப் பாலத்தில் 80-இல் போகும்போது இப்போது இணைப்புகள் காதில் மட்டும் கேட்கின்றன, இடுப்புக்குத் தெரிவதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரே மூச்சு, முடிந்தது. முன்பெல்லாம் பிரேக் போட்டால் மூக்கு குத்தி, விட்டதும் பின்னால் சாய்ந்து, மறுபடி ஒருமுறை குத்தும். அந்த மறுபடி போய்விட்டது. மாற்றம் மிக அதிகமாகத் தெரிவது திருப்பத்தின் நடுவில் சாலை கெட்டிருக்கும் இடங்களில்தான். முன்பு அங்கே வந்தாலே கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிக்கொள்ளும், பின்பக்கம் ஒரு முழம் பக்கவாட்டில் தாவும். இப்போதும் தாவுகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஒற்றை ஆக்சில் ஒற்றை ஆக்சில்தான். ஒரு முழம் நான்கு விரல் ஆகியிருக்கிறது.

இந்த ஷாக் அப்சார்பர் எதைச் செய்யாது என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். இதில் மாற்றக்கூடியது ரீபவுண்ட் மட்டுமே. அமுங்கும்போது இருக்கும் பிடி தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். கூரிய விளிம்புள்ள பள்ளத்தில் சக்கரம் விழுந்து ஏறும் அந்தச் சுரீர் அடியைக் குமிழைத் திருப்பிக் குறைக்கலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். அந்தச் சுரீருக்கு மருந்து எனக்கு டயரில் கிடைத்தது. 20 அங்குல ரிம்மில் 255/35 டயர் போட்டிருந்தேன். அதன் பக்கச்சுவர் 89 மில்லிமீட்டர். 18 அங்குலத்துக்கு இறங்கி 255/45 போட்டேன். பக்கச்சுவர் 115 மில்லிமீட்டர். மொத்த விட்டம் மாறவில்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லவில்லை, 26 மில்லிமீட்டர் காற்றும் ரப்பரும் இலவசமாகக் கிடைத்தன. கம்பீரம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. புகைப்படத்தை மட்டும் புதிதாக எடுக்கவில்லை.

வீல் அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் காரின் முன்பக்கத்தில் இருப்பதுபோன்ற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள காரைத் தாழ்த்தினால் சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கம் சாயும். கேம்பர் என்னும் இந்தச் சாய்வோடு, சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமான டோவும் மாறும். டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பருக்குப் போகிறது. முதல் முறை தாழ்த்தியபோது அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டி, முன் டயர் இரண்டின் உள்விளிம்பில் கம்பி தெரிகிறவரை விட்டவன் நான். இந்த முறை கேம்பர் மைனஸ் 1.4 பாகையில், டோ ஏறக்குறையப் பூஜ்யத்தில். 22,000 கிலோமீட்டருக்குப் பிறகும் டயர் சமமாகத் தேய்ந்திருக்கிறது.

பின்பக்கத்தில் பன்ஹார்டு ராடு என்று ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கார் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய எளிய கம்பி. ஒரு முனை உடலில், மறுமுனை ஆக்சிலில். ஆக்சில் இடம் வலம் போகாமல் பிடித்து வைப்பது இதுதான். ஆனால் கம்பியின் நீளம் மாறாது, ஆக்சில் மேலேறினால் அது ஒரு வட்டத்தின் வில்லில்தான் நகர முடியும். ஆகவே காரைத் தாழ்த்தியதும் ஆக்சில் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மட்கார்டிலிருந்து நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அளந்தேன். 9 மில்லிமீட்டர் வித்தியாசம். நீளத்தை மாற்றக்கூடிய ராடு ஒன்று போட்டு, இரு முனைகளிலும் எதிரெதிராக மரை வெட்டியிருப்பதால் காரிலேயே வைத்து நடுக்கம்பியைத் திருகி, சமமாக்கினேன். ஷாக் அப்சார்பருக்கு அடுத்து இந்தக் காரில் காசுக்குத் தகுந்த வேலை இதுதான் என்பேன்.

தகாத வேலையும் செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்பே, ஷாக் அப்சார்பர் செத்துக் கிடந்த காலத்தில், பாலியூரித்தேன் புஷ் போட்ட பின்கைகள் இரண்டை வாங்கி மாட்டியிருந்தேன். யார் தயாரித்தது என்பது வேண்டாம். மூன்றே மாதத்தில் பழைய கட்டில்போல முனக ஆரம்பித்தன. கிரீஸ் வைத்தால் இரண்டு வாரம் மௌனம், மூன்றாவது வாரம் கச்சேரி. கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய கைகளையே திரும்ப மாட்டினேன். இப்போது அவற்றில் புதிய ரப்பர் புஷ். கழற்றியவை கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, பொருத்தமான இடம்தான். அந்தக் காசை முதலிலேயே ஷாக் அப்சார்பரில் போட்டிருந்தால் இரண்டரை ஆண்டு இடுப்பு வலி மிச்சமாகியிருக்கும். தாழ்த்திய கார் வைத்திருப்பவர்களில் பலரும் செய்யும் தப்பு இது. கம்பி, கை, பிரேஸ் என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் முதலில் வாங்குவார்கள். கறுப்பு உறைக்குள் செத்துக் கிடக்கும் ஷாக் அப்சார்பரையும் நசுங்கிக் கிடக்கும் பம்ப் ஸ்டாப்பையும் கடைசியில்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

விலையைப் பற்றிக் கேட்டால், நான்குமாகச் சேர்ந்து நல்ல டயர் ஒரு செட் அளவுக்கு ஆகும். அதனோடு பம்ப் ஸ்டாப், முன் ஸ்ட்ரட்டின் தலையைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் மவுன்ட் இரண்டு, அலைன்மென்ட் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேல் மவுன்ட்டை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ரப்பர் வயதாகிவிட்ட பழைய மவுன்ட்டில் புதிய ஸ்ட்ரட்டை மாட்டினால், சின்னச் சின்னக் குழியிலெல்லாம் கடகடவென்று சத்தம் வரும். புதிய ஷாக் அப்சார்பரைத் திட்டிக்கொண்டே பட்டறைக்கும் வீட்டுக்கும் நடப்பீர்கள். அதை மாற்ற மறுபடியும் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும், மறுபடியும் கூலி, மறுபடியும் அலைன்மென்ட்.

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே வைத்திருப்பவர்கள் அமுங்கும் பிடியையும் மாற்ற முடிகிற வேறு ரகத்துக்குப் போகட்டும். 50 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தியிருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு உடம்பு குட்டையான ஷாக் அப்சார்பர் வேண்டும், அல்லது கொஞ்சம் மனமாற்றம் வேண்டும். 30, 40 மில்லிமீட்டர் தாழ்த்தி, அதே காரில் தினமும் வேலைக்குப் போய், மாலையில் நிமிர்ந்த முதுகோடு வீட்டுக்கு வர நினைப்பவர்களுக்கு இதுவே போதும்.

போன வாரம் அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பஸ் பேச்சை எடுக்கவில்லை. பாலத்தில் போகும்போது கைப்பையைத் திறந்து மருந்துச் சீட்டை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தார்; அதற்கு முன் அந்தப் பாலத்தில் அவர் இரண்டு கையாலும் கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்துத்தான் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது மட்டும், "ஏறி இறங்கக் குனிய வேண்டியிருக்கிறதே, அதற்கு ஒன்றும் செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தேன். கேபிள் டை பம்ப் ஸ்டாப்புக்கு 7 மில்லிமீட்டர் கீழே நின்றிருந்தது. மறுபடி கீழே தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.